குத்தூசி போடாத மூட்டை

காலையிலிருந்தே அமிர்தசாமிக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. மாசி, பங்குனி வந்தால் விழுப்புரம் விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மலையாகக் குவியும். இருபத்தாறு வருஷமாக அதே முதுகில்தான் மூட்டை ஏறி இறங்குகிறது. குனிந்தால் நிமிர ஒரு நிமிஷம் ஆகிறது. நிமிர்ந்தால் மறுபடி குனிய மனசு வருவதில்லை. லாரியில் கடைசி மூட்டையைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தபோது போன் அடித்தது.

"சகாய பிரியா அப்பாவா? காலேஜ் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பொண்ணு ஒரு மாசமா கிளாசுக்கு வரல. பதினோரு அரியர் வேற. நாளைக்கு வந்து பாருங்க."

"தெனம் உங்க பஸ்ஸுலதானேம்மா ஏறுது?"

"பஸ்ல வருது. கேட்டுக்குள்ள வரல." வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில் சிந்திய மல்லாட்டையைக் கூட்டி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் தலை தூக்காமலே கேட்டாள். "இன்னா அமிர்தம், இன்ஜினியரம்மா போனா?"

குத்தல்தான். குத்த அவளுக்கு உரிமை இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் கலைப்பிரியா திண்டிவனம் அரசு கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தபோது, இதே களத்தில் பத்துப் பேர் நடுவே அமிர்தசாமி சிரித்தான். "செடி கொடி படிக்க காலேஜு எதுக்குக்கா? களை வெட்ட அனுப்பு, கூலியாவது வரும்."

அவன் மகள் பிரியாவும் அதே பாடத்துக்குத்தான் ஆசைப்பட்டாள். "அவளையும் ஒரு வார்த்த கேளுய்யா" என்றாள் பொண்டாட்டி அமலோற்பவமேரி. அவன் கேட்கவில்லை. பைபாஸ் ஓரத்துத் தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வந்து, அமிர்தசாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் பனை உயரத்துக்கு வளைவு. உள்ளே ஏ.சி. அறை. காபி கொடுத்து, "உக்காருங்க சார்" என்றார்கள். பிறந்ததிலிருந்து அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லில் கவிழ்ந்தான்.

மூட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் வியாபாரி நம்ப மாட்டான். குத்தூசியைச் செருகி நாலு காயை உருவி, உடைத்து, மென்று பார்த்துத்தான் விலை சொல்வான். அதைத் தினமும் பார்க்கிறவன், அந்தக் கல்லூரியில் ஒரு வகுப்பறையை எட்டிப் பார்க்கவில்லை. படிக்கிற பிள்ளை ஒன்றை நிறுத்தி, எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. பஸ் மஞ்சளாக இருந்தது, தெருமுனைக்கே வரும் என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். கல்லூரிக்காரர்களே பேனர் அடித்துக் கொடுத்தார்கள். மாதா கோயில் திருவிழா அன்றைக்கு அதைக் கம்பத்தில் கட்டினான். 'எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பிரியாவின் முகம். அதற்கப்புறம்தான் அவளுக்கே விஷயம் தெரியும்.

"எங்கக்கா போயிருக்கும்?" போனில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

குப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "எம்பொண்ணோட காலேஜு மதிலாண்ட குந்திக்கினு இருக்கும். எனக்கு ஒரு வாரமாத் தெரியும். சொன்னா நீ அடிப்ப, அதான் வாய மூடிக்கினு இருந்தேன். ஜல்தியா போ. ஆனா கைய நீட்டாத."

லுங்கியில் தூசியோடு திண்டிவனம் பஸ் ஏறினான். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் அந்த வளைவு வந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அரசு கல்லூரி மதிலோரம் புங்க மர நிழலில் பிரியா உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய நோட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். அடையாள அட்டையைக் கழுத்துப் பட்டையோடு சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"அடிச்சிடாதப்பா. இங்க வேணாம், எல்லாரும் பாக்குறாங்க."

அவன் கையைத் தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

"யாரு நோட்டும்மா அது?"

"கலையோட ரெக்கார்டு. அவளுக்குப் படம் வராது. நான் வரைஞ்சி குடுத்தா, கிளாசுல நடத்துனத எனக்குச் சொல்லுவா."

அவன் எட்டிப் பார்த்தான். மல்லாட்டைச் செடி. இலை, பூ, பூவின் அடியிலிருந்து மண்ணைக் குத்திக்கொண்டு இறங்கும் காம்பு, அதன் முனையில் காய். இருபத்தாறு வருஷம் முதுகில் சுமந்த பொருளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

"பூ மேல பூக்குது, காய் மட்டும் எப்பிடி மண்ணுக்குள்ள போவுதுன்னு சின்னதுல உன்னக் கேட்டேன்ல?"

"நான் இன்னா சொன்னேன்?"

"மூட்ட தூக்கறவன் பொண்ணுக்கு அது எதுக்குன்ன."

அமிர்தசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்தான். "அங்க புடிக்கலன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாப்பா."

"அங்க நடத்துறது எதுவுமே மண்டையில ஏறலப்பா. முட்டி மோதிப் பாத்தேன். வேணாம்னு எப்பிடிச் சொல்றது? நீ பேனர் கட்டிட்டியே. அதுல எம் மொகந்தான இருந்துச்சு."

அந்தப் பேனர் இப்போது வீட்டுப் பின்னால் குளிக்கிற மறைப்பாகத் தொங்குகிறது. தினமும் தன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பெண் குளித்துவிட்டு, பஸ் ஏறப் போயிருக்கிறாள்.

மறுநாள் களத்தில் ஆனந்தராஜ் வந்து நின்றான். கூட மூட்டை தூக்குகிறவன். மகன் பிளஸ் டூ எழுதுகிறான். கையில் வழவழப்பாக ஒரு நோட்டீஸ்.

"மாமா, உன் பொண்ணு படிக்கிற காலேஜுதான். வூட்டாண்டயே பஸ் வருதாம். புள்ளயப் போட்டுடலாமா?"

'போடுடா' என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். குப்பம்மாள் முறத்தை நிறுத்திவிட்டு அமிர்தசாமியையே பார்த்தாள்.

"எம்பொண்ணு அங்க போறதில்லடா" என்றான் அமிர்தசாமி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பதினோரு அரியர். அவ மேல தப்பில்ல. அவளக் கேக்காம நான் சேத்தேன். என்னை சார்னு கூப்ட்டானுங்க, மயங்கிட்டேன். ஒரு மூட்டைக்குக் குத்தூசி போடறோம், பெத்த புள்ள படிப்புக்குப் போடல பாரு. மொதல்ல உன் பையன இன்னா படிக்க ஆசைன்னு கேளு. அப்புறம் உள்ள போயி கிளாசப் பாரு, படிக்கிற புள்ளைங்களக் கேளு. பஸ்ஸக் கடைசியாப் பாத்துக்கலாம். காலேஜு புள்ளைக்குப் பொருந்தணும்டா, அப்பன் பெருமைக்கு இல்ல."

ஆனந்தராஜ் நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அப்போ களை வெட்ட யாரு போறது?" என்றாள் குப்பம்மாள்.

"தப்புதான்க்கா" என்றான் அமிர்தசாமி. தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் பேனரை அவிழ்த்துவிட்டுப் பழைய புடவையை மறைப்பாகக் கட்டினான். வர்ற ஜூனில் பிரியா அரசு கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவாள். அதற்குள் தனியார் கல்லூரியிலிருந்து சான்றிதழ்களை மீட்க அவன் இன்னும் எத்தனை நடை நடக்க வேண்டுமோ. இடம் கிடைத்தாலும், கலைப்பிரியா மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது இவள் முதலாம் ஆண்டு பெஞ்சில்தான் உட்காருவாள்.

மகளுக்கு அமிர்தசாமி தர வேண்டியது ரெண்டு வருஷம். எத்தனை மூட்டை தூக்கினாலும் அது பாக்கிதான்.