அலி பாய் எங்கே?

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அளக்க வேண்டுமானால் அது தன் கொலைகாரர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தால் போதும் என்பது விருத்தாசலம் சீதாராமன் சாரின் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, தன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அண்டை அயலாருக்கு இதை அவர் எடுத்துச் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிவியில் படம் கீழிருந்து மேலாக உருளத் தொடங்கிவிடும். பெட்டியின் மண்டையில் பட்டென்று ஒன்று வைப்பார். நாகரிகம் நிற்கும்.

ஜெர்மனியில் எடுத்து, இங்கிலீஷில் குரல் மாற்றி, டெல்லி வழியாக வந்த துப்பறியும் தொடர் அது. வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு ஒரு பக்கம் வரும். துப்பறிபவர் வயசாளி. சாம்பல் கலர் கோட்டைக் கழற்றவே மாட்டார் என்பதால் தெருவில் அவருக்குக் கோட்டு இன்ஸ்பெக்டர் என்று பேர். சிரிக்க மாட்டார், ஓட மாட்டார், யாரையும் அடிக்க மாட்டார். இந்தக் கடைசி விஷயம்தான் பீங்கான் கம்பெனி சூப்பர்வைசர் தனபாலுக்குப் பிடிபடவே இல்லை. "ரெண்டு அறை வுட்டா மொத அஞ்சு நிமிஷத்துலயே சொல்லிட்டுப் போறான். அதுக்கு எதுக்கு சார் ஒரு மணி நேரம்?" என்பார். அவர் மனைவி சாவித்திரியின் குறை வேறு. "பெத்த பொண்ணு செத்துக் கெடக்குறா, அந்தம்மா காபி ஊத்திக் குடுக்குது பாருங்க போலீசுக்கு. ஒரு ஒப்பாரி உண்டா, தலவிரி கோலம் உண்டா? என்னா சாவு இது! ஒரு சனம் எட்டிப் பாக்கல." முதல் இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து, பிணம் வரும்போதெல்லாம் தானே "அய்யோ எம்மா" என்று மெல்ல ஒரு குரல் கொடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் மனசு ஆறாதாம்.

கதை சொல்வது சீதாராமன் சாரின் பொறுப்பு. இருபத்தேழு வருஷமாக உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவர். எந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினாலும் எழுவாய், பயனிலை என்று கோழியை உரிக்கிற மாதிரி உரித்து வைத்துவிடுவார். ஆனால் ஆங்கிலத்தை அவர் கண்ணால் மட்டுமே அறிந்தவர். காதால் அறிந்துகொள்ள ஊரில் வாய்ப்பு அமையவில்லை. அந்த ஜெர்மன்காரர்கள் வாய் திறந்து மூடுவதற்குள் அவருக்குப் பிடிபடுவது 'யெஸ்', 'நோ', 'குட் ஈவ்னிங்' என்கிற மூன்றுதான். மிச்சத்தை முகத்தைப் பார்த்துச் சொல்வார். இவள் அவனுடைய தங்கை, சொத்துக்காக அண்ணியை விஷம் வைத்துக் கொன்றுவிட்டாள் என்பார். பத்து நிமிஷம் கழித்து அந்தத் தங்கை அவனோடு ஒரே கட்டிலில் படுத்திருப்பாள். "அந்த ஊர் வழக்கம்," என்று தலையைக் குனிந்துகொள்வார். ஜனங்களும் குனிந்துகொள்ளும்.

நாலாவது வாரம் சாவித்திரிதான் கேட்டாள். "சார், அந்த ஆளு எல்லார்கிட்டயும் அலி பாய், அலி பாய்னு கேக்குறாரே, யாரு சார் அது?"

சீதாராமன் காதைத் தீட்டினார். ஆமாம், கோட்டு இன்ஸ்பெக்டர் தெளிவாகத்தான் கேட்டார். கேட்டதும் எதிரில் இருந்தவனுக்கு முகம் வெளுத்தது. கூடம் முழுக்க சாரைத் திரும்பிப் பார்த்தது. தெரியவில்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போனது.

"அலி பாய்தான்," என்றார். "ஜெர்மனியில் துருக்கிக்காரா லட்சக்கணக்கில் இருக்கா. பின்னாலேர்ந்து எல்லாத்தையும் நடத்தறவன் அவன். கடைசி வாரத்தில்தான் முகத்தையே காட்டுவான்."

அதன்பிறகு தொடரே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் யார் செத்தாலும் இன்ஸ்பெக்டர் அலி பாயைப் பற்றித்தான் விசாரித்தார். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. பாங்க் மேனேஜரும் பயந்தார், டாக்டரும் பயந்தார். "எம்மாம் பெரிய கையா இருப்பான்!" என்று தனபால் மலைத்துப்போனார்.

விருத்தாசலத்திலும் ஒரு அலி பாய் இருந்தார். மங்கலம்பேட்டைக்காரர், முழுப்பேர் லியாகத் அலி. குவைத்தில் ஒன்பது வருஷம் ஒரு கம்பெனி குடோனைப் பார்த்துக்கொண்டவர், சண்டை வந்ததும் ஒரே ஒரு சூட்கேஸோடு ஊர் திரும்பி, இரண்டு வருஷமாகத் தனபால் வேலை பார்க்கும் அதே பீங்கான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி எல்லாம் செய்கிற சின்னக் கம்பெனி. காலையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே ஆரம்பிப்பார்கள். "என்னா பாய், ஜெர்மனியில ஒங்கள வல போட்டுத் தேடுறாங்களாமே?" "ஆமாங்க, இங்க சம்பளம் சேர்த்துக் குடுங்க, அங்க போயி ஆஜராவுறேன்," என்று அவரும் சிரிப்பார். மூன்று மாசம் சிரித்தார்.

மாசி மகத் தேர் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெருவே வடம் பிடிக்கப் போய்விட்டது. சாரின் மனைவி ஜகதாம்பாள் மாமியும் ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். சீதாராமன் முழங்கால் வலி என்று வீட்டில் தங்கினார். ஐந்து மணிக்கு முழங்கால் சரியாகி டிவி முன்னால் உட்கார்ந்தபோது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அலி பாய்.

"எம் பேரு வருதாமே சார். ஒரு தடவ என் காதால கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

உள்ளே வரச் சொன்னார். யாரும் இல்லை என்பதால் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். யாரும் இல்லை என்பதால் காபியும் கொடுத்தார். அலி பாய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். ஒரு இடத்தில் சிரித்தார். அங்கே சிரிப்பு இருந்தது என்பதே சீதாராமனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அலி பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், இதுவா? இது ஆளு பேரு இல்ல சார். அலிபைன்னா, சம்பவம் நடந்தப்ப நீ வேற எங்க இருந்த, அதுக்கு யாரு சாட்சின்னு கேக்குறது. குவைத்துல எங்க குடோன்ல ஒரு தடவ சாமான் காணாப் போச்சு. எல்லாரையும் நிக்க வெச்சு இதத்தான் கேட்டாங்க."

சீதாராமனுக்கு அந்தச் சொல் தெரியும். லத்தீன் வழியாக வந்த சொற்கள் என்று பத்தாம் வகுப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார், பொருளோடு. ஆனால் இருபத்தேழு வருஷமாக அவர் அதை 'அலிபி' என்று படித்துவந்தார். பள்ளிக்கூடம் முழுக்க அலிபி என்றே படித்தது. இப்போது இந்த ஊரில் டாக்டராகவும் வக்கீலாகவும் இருப்பவர்கள் அலிபி என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் காது மடல் சூடாகியது.

"இது நமக்குள்ளேயே இருக்கட்டும் பாய்," என்றார். கெஞ்சுவது போல இருந்ததால், உடனே வாத்தியார் குரலில், "வெளியில் சொல்லப்படாது," என்றும் சேர்த்தார்.

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்? சத்தியமா சொல்ல மாட்டேன். அடுத்த வாரத்துலேருந்து அந்தப் பேர மட்டும் நீங்களே மாத்திச் சொல்லிடுங்க. எம் பொண்ணு ஸ்கூல்லயும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அதான்."

சரி என்றார். ஆறு மணிக்கு அலி பாய் போனதும் டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்தார். தேர் பார்த்துத் திரும்பிய ஜகதாம்பாள், "இந்த டம்ளர் மட்டும் என்ன இப்படி மின்றது?" என்றாள். "மாசி மகமாச்சே," என்றார் அவர்.

மறுநாள் கம்பெனியில் கோல்டு பாட்டிலைக் காணோம். விலை உயர்ந்த கப்புகளின் விளிம்பில் தங்கக் கோடு இழுப்பதற்கான, தங்கம் கலந்த மருந்து அது. சுண்டுவிரல் உயரப் பாட்டில், பூட்டி வைப்பார்கள். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள், வாட்ச்மேனும் தேர் பார்க்கப் போயிருந்த நேரத்தில், ஸ்டோர் பூட்டு சாவி போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. ஒரு சாவி ஓனர் கொளஞ்சிநாதன் இடுப்பில், ஒன்று அலி பாயிடம், இன்னொன்று ஆபீஸ் ஆணியில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி தொங்கியது. ஆணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை தனபால் வந்து நின்றார். "சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். ஞாயித்துக்கெழம சாயந்திரம் இங்கதான் இருந்தன்னு பாய் சொல்றாரு. நெசமா? எதுக்கு வந்தன்னு கேட்டா, சும்மாதான்னு சொல்லிட்டுத் தலையக் கவுத்துக்குறாரு. சும்மா யாராச்சும் தேரு அன்னைக்கு ஒருத்தர் வூட்டுல போயி ஒக்காருவாங்களா? வர்ற புதன்கெழமைக்கு அடுத்த புதன் வரைக்கும் ஓனரு டயம் குடுத்திருக்காரு. சாட்சி கொண்டாரலன்னா வேல போச்சு. போலீஸு வேறயாம்."

சும்மாதான் என்று சொன்னாராம். சத்தியத்தைக் காப்பாற்றுகிறான் மனுஷன் என்று சீதாராமனுக்குப் புரிந்தது. வந்தார் என்று சொல்லலாம். டிவி பார்த்தார் என்று சொல்லலாம். பார்த்து என்ன சொன்னார் என்பார்கள். குவைத்தில் இங்கிலீஷ் கேட்டுப் பழகிய ஆளாச்சே, அலி பாய் யாரென்று அவருக்குப் புரிந்ததா என்பார்கள். சமையலறை வாசலில் ஜகதாம்பாள் வந்து நின்றாள். கையில் டம்ளர் இருந்தது, வேறு டம்ளர்.

"வந்திருக்கலாம்," என்றார் சீதாராமன். "வராமலும் இருந்திருக்கலாம். கூட்டமும் மேளமுமா இருந்ததோல்லியோ, எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியலை."

"அப்ப வரலன்னு அர்த்தம்," என்றார் தனபால். அவரை மறுக்க அந்த வாக்கியத்தில் இலக்கணப்படி இடம் இருந்தது. சீதாராமன் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூடம் கொள்ளவில்லை. நடையிலும் உட்கார்ந்தார்கள். இதுவரை வராத பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாயவன்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கோட்டு இன்ஸ்பெக்டர் கேள்வியைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு எழுந்தது.

சீதாராமன் எழுந்து நின்றார். "இந்த அலி பாய் விஷயமா ஒரு சின்ன விளக்கம்," என்று தொடங்கினார்.

"நீங்க சொல்லவே வாணாம் சார்," என்றாள் சாவித்திரி. "மூணு மாசத்துக்கு மின்னாடியே சொன்னீங்க. பின்னாலேருந்து எல்லாத்தையும் நடத்துறவன் அவன்தான்னு. நாங்கதான் வெளையாட்டா எடுத்துக்கிட்டோம்."

"சார் வாயில சனியா, இல்ல சரஸ்வதியா!" என்றார் மாயவன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருக்கும் ஒரு வாத்தியாருக்கு ஊர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச மரியாதை. அவர் உட்கார்ந்தார். பெட்டியின் மண்டையில் தேவையில்லாமல் ஒன்று வைத்தார். திரையில் அந்தப் பெண், தான் எங்கே இருந்தாள் என்பதைச் சொல்லி, சாட்சிக்கு ஆளையும் காட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் நடந்து வீட்டுக்குப் போனாள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

திங்கள்கிழமை பள்ளியில், பாடம் இல்லாத மூன்றாவது பீரியடில், கொளஞ்சிநாதனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்து தெரிந்துவிடாமல் இருக்கப் பெரிய எழுத்தில் எழுதினார். தமிழில் எழுதினால் உண்மை அளவுக்கு மீறிச் சுடும் என்று தோன்றியதால் இங்கிலீஷில் எழுதினார். மேற்படி ஸ்டோர் கீப்பர் மேற்படி நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்பதைத் தக்க ஆதாரத்துடன் தான் நம்புவதாகவும், நிரபராதியைத் தண்டிப்பது பண்பட்ட சமூகத்துக்கு அழகல்ல என்றும் ஒரு பக்கம். எங்கே இருந்தார் என்பதை எழுதவில்லை. கீழே 'உண்மை விரும்பி' என்று போட்டு, ரயில்வே ஜங்ஷன் தபால் பெட்டி வரை நடந்துபோய்ப் போட்டார். திரும்பி வரும்போது தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் இருந்தது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தனபால் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"மொட்டக் கடுதாசி சார். முழுக்க இங்கிலீஷு. ஓனருக்கு இன்வாய்ஸு படிக்கத் தெரியும், அத்தோட சரி. ஊருல சார வுட்டா யாரு இருக்கா, போயிக் கேட்டுட்டு வான்னாரு. பாயப் பத்தி என்னமோ போட்டிருக்கு போல. கேட்டு வந்து சொன்னப்புறம்தான் முடிவு எடுப்பாராம். பாய் விடியக்காலையிலேருந்து கம்பெனி கேட்டுல நின்னுக்கிட்டு இருக்காரு. அவரு பொண்ணும் பக்கத்துல நிக்குது, ஸ்கூலு போவாம."

சீதாராமன் காகிதத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜகதாம்பாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். யார் எழுதியிருப்பார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவளும் கேட்டாள். தெருவில் பெண்ணாடம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"சொல்லுங்க சார்," என்றார் தனபால். "என்னா போட்டிருக்கு?"

அவர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். 'நம்புகிறேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஐ என்ற எழுத்தும் ஈ என்ற எழுத்தும் இடம் மாறி விழுந்திருந்தன. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதைத் திருத்தினார்.