வலது இறக்கை

பெட்டியைத் திறக்க எட்டு மாதம் ஆயிற்று. திறந்தது நானல்ல, மச்சினிச்சி.

“சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பிடுவேன் அத்தான். அதுக்குள்ள இதை முடிங்க. இல்லேன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவேன். மூடியே வச்சிருக்கிறதுக்கு எங்கிட்டயாவது இருக்கட்டும்.”

“எனக்கு ஒரு ஆணியே நேரா அடிக்கத் தெரியாது.”

“தெரியுமே. நீங்க மாட்டின காலண்டர் இன்னும் சாஞ்சுதான் தொங்குது. அக்கா தலையைச் சாய்ச்சே தேதி பார்த்துப் பழகிட்டா.”

உள்ளே ஒரு கடல் விமானம். பிளாஸ்டிக், ஒட்டிச் சேர்க்க வேண்டிய நூற்று நாற்பது துண்டுகள். என் மனைவி செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். மீதி நேரத்தில் இது. ஒட்டிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது என்பதால், துண்டு துண்டாக இருக்கும்போதே அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து வண்ணமும் பூசிவிடுவாள். எல்லாவற்றையும் முடித்திருந்தாள். வலது இறக்கை மட்டும் பாக்கி. அதைத் தொடுவதற்குள் ஆஸ்பத்திரி. பதினோரு நாள்தான் இருந்தாள்.

அந்த மாடல் இப்போது வருவதில்லை. இறக்கையை நான் கெடுத்தால் கெட்டதுதான்.

வியாழக்கிழமை பால்கனியில் பிரைமர் அடித்தேன். ஓரம், முனை, அடி எதையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளை. அவளிடம் ஐந்து வெள்ளைகள் இருந்தன. எந்தப் பல்லும் ஒரே வெள்ளை இல்லை என்பாள். இடது இறக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசினேன். சுமாராக வந்தது.

சனிக்கிழமை காலை, விமான உடலின் வலது பாதியை எடுத்து இறக்கையை ஒட்டினேன். பத்து நிமிடம் பிடித்தேன். விட்டதும் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

மச்சினிச்சி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். “ஒட்டுற இடத்திலயும் பூசிட்டீங்களா?”

“ஒரு இடம் விடலை.”

“இதுல பெருமை வேற. பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும் அத்தான். பெயிண்ட் மேல நிக்காது. அக்கா சொல்லிச் சொல்லி என் காதே புளிச்சுப் போச்சு.”

இடது இறக்கையைத் திருப்பிப் பார்த்தேன். உடலைத் தொடும் ஓரத்தில் நூல் பிடித்தது போல ஒரு கோடு வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசியிருக்கிறாள். லென்ஸை எடுத்தேன். ஏணியின் இரண்டு நுனிகள். இருக்கையின் நான்கு கால்கள், கடுகளவு. ஒவ்வொரு துண்டிலும் விட்டிருந்தாள். ஒன்றைக்கூட இன்னொன்றோடு சேர்க்காமலேயே எது எங்கே எதைத் தொடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முழு விமானமும் அவள் கண்ணுக்குள் பறந்திருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.



உடலின் உள்பக்கத்தைப் பார்த்தேன். மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாத தரை. பலகைக்குப் பலகை நிறம் வேறு. கதவிலிருந்து விமானியின் இருக்கை வரவேண்டிய இடம் வரை நடந்து நடந்து தேய்ந்த தடம். அந்த இடத்துக்குப் பின்னால், சுவரில், நகக்கண் அளவில் ஏதோ வெள்ளையாக.

“இங்க பாரு.”

அவள் லென்ஸை வாங்கினாள்.

“காலண்டர்,” என்றாள். “சாஞ்சிருக்கு.”

பிளேடை எடுத்தேன். இறக்கையின் ஓரத்தில் நான் பூசியதைச் சுரண்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக. ஒரு மணி நேரம் ஆனது. வெறும் பிளாஸ்டிக் தெரிந்ததும் பசை வைத்து அழுத்தினேன். மச்சினிச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடுங்க.”

விட்டேன். நின்றது.

மற்ற துண்டுகள் தாமாகப் போய் உட்கார்ந்தன. எதையும் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் உடலின் இரண்டு பாதிகள் மட்டும் மிச்சம்.

“மூடட்டுமா?”

“ஒரு நிமிஷம் அத்தான்.”

இருவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தோம். பிறகு மூடினேன்.

போகும்போது அவள் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.