பாதுகாவலரின் அனுமதி

ஓர்ஸ் ஹில்லில் கேம் மெஷின் வைத்திருக்கிறவனுக்கு முதல் எதிரி, திரைக்குள்ளிருந்து துவக்கோடு வருகிறவன் இல்லை. கடற்காற்றுத்தான். உள்துறைமுகத்திலிருந்து மேடேறி வருகிற உப்பு யன்னல் கம்பியைத் தின்னும், ஃபேன் மோட்டரைத் தின்னும், பிறகு ஆறுதலாக மெஷினுக்குள் போய்க் குந்திக்கொண்டு சர்க்யூட் போர்ட்டைத் தின்னும். இரண்டாவது எதிரி கரண்ட். மூன்றாவது பல்லி, சூட்டுக்கு ஆசைப்பட்டுக் காற்றுத் துவாரத்தால் உள்ளே போய், தானும் கருகி மெஷினையும் கருக்கிவிட்டுத்தான் ஓயும். இந்த மூன்றுக்கும் தப்பினால் அப்டேற் இருக்கிறது. இரவு டேட்டா மலிவென்று படுக்கப் போகும்போது போட்டுவிட்டால், விடிய எழும்பிப் பார்க்கையில் தொண்ணூற்றெட்டு வீதத்தில் பிழை என்று காட்டிக்கொண்டு நிற்கும். திரும்ப முதலாவது வீதத்திலிருந்து தொடங்கவேண்டும். மனிசனுக்கு விசர் பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

ஹெக்டர் இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். வயது நாற்பத்திரண்டு. துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்து வருகிற டக் போட்டில் எஞ்சின் பார்க்கிறவன். முதல் மெஷின் உப்பில் செத்தது, இரண்டாவதை வாங்கினான். கொன்ட்ரோலரின் இடப்பக்கக் குமிழ் தேய்ந்து, கை வைக்காமலே ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய் விழுத்தியது. பெருவிரலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஆடினான். சனிக்கிழமை வேலையை ஞாயிறுக்கு மாற்றினான். அதனால் ஞாயிற்றுப் பூசையும் போனது. "ஹெக்டருக்கு வயசு போகப் போக மூளை பின்னுக்குப் போகுது" என்று போட்டில் பகிடி பண்ணினார்கள். அவன் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பகிடி பண்ணின வாயெல்லாம் அடைத்துப்போயிருக்கும்.

ஏனென்றால், சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவனுடைய மகள் தர்சிகா அந்த மெஷினுக்குள் வருவாள்.

மூன்று வருடத்துக்கு முதல் மனைவி ஜெனிதா விவாகரத்து எடுத்து, இன்னொருவரைக் கலியாணம் முடித்துக்கொண்டு, பிள்ளையோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். யார் பிழை என்று கேட்காதீர்கள். இரண்டு பேரிடமும் கேட்டால் இரண்டு கதை வரும். போய் ஆறு மாதத்தில் தொலைபேசி இலக்கத்தை மாற்றினாள். "உங்களோட கதைச்சிட்டு பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடுறாளில்லை. விடுங்கோ, அவள் இஞ்ச பழகட்டும்." அதுதான் அவளுடைய கடைசிச் செய்தி.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வெறும் வீடு. பிறகு ஒரு சனிக்கிழமை, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பழைய கேம் ஒன்றைத் தட்டிப் போட்டான். தீவொன்றில் வீடு கட்டி, மீன் பிடித்து, கத்தரி நட்டு விளையாடுகிற கேம். தர்சிகா எட்டு வயதில் பக்கத்துக் கதிரையில் இருந்து அவனோடு ஆடியது. தீவு புல் முளைத்துக் கிடந்தது. திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது, ஆங்கில எழுத்தில்: அப்பா நீங்களா?

புது வீட்டில் அவளுக்கும் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை தன்னுடைய பழைய பெயரிலேயே உள்ளே வந்திருக்கிறாள். ஹெக்டர் கொன்ட்ரோலரைக் கதிரையில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதான்.

அன்று முதல் சனிக்கிழமை பதினொரு மணி. அங்கே பின்னேரம் நாலரை. ஜெனிதா வேலைக்குப் போயிருக்கிற நேரம், அவளுக்கு இது தெரியாது. தீவின் ஜெட்டியில் இரண்டு பொம்மை உருவங்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்து தூண்டில் போடும். தலையில் மாட்டிய ஹெட்செட்டுக்குள் பிள்ளையின் குரல் வரும். ஒவ்வொரு மாதமும் அந்தத் தமிழில் ஒரு சொல் குறைந்துகொண்டு போனது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய, இருக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, நீங்க லேற்."

"கரண்ட் போயிட்டுதம்மா."

"எப்பவும் கரண்ட்." சிரித்தாள். "அடுத்த சனி என்ர பேர்த்டே. வருவீங்கதானே?"

"வராம? பதினொண்டுக்கு ஜெட்டியில நிப்பன்."

"கேம் கடையில ஒரு மஞ்சள் டக் போட் வந்திருக்கு. உங்கட போட் மாதிரியே."

வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காமல் எந்தத் தகப்பனுக்கு மனம் கேட்கும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கம்பனியின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. எக்கவுண்ட் திறக்கப் போனால் உலகத்து நாடெல்லாம் வரிசையாக நிற்கும், எங்களுடையதைத் தவிர. ஆகவே இங்கே கேம் ஆடுகிற அத்தனை பேரும் அமெரிக்காவிலோ துபாயிலோ 'இருப்பவர்கள்'. பிரதான வீதியில் கடை வைத்திருக்கிற ஸஜ்ஜாத்துத்தான் எல்லோருக்கும் திறந்து கொடுப்பான். கிண்ணியாவிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன், முப்பது வயது, கையில் ஸ்குரூட்ரைவர் இல்லாமல் அவனைப் பார்க்க ஏலாது. ஏதாவது வாங்குவதென்றால் அவனிடம் அமெரிக்கக் கோட் காட் வாங்கி, சுரண்டினால் வருகிற இலக்கத்தை அடிக்கவேண்டும். சொந்த வங்கிக் காட்டைப் போட்டுவிடக் கூடாது. ஹெக்டருக்கு இதைப் பத்துத் தரம் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடித்து ஹெக்டர் கடைக்கு வந்தான். ஜும்மாவுக்கென்று பூட்டிய கடை பூட்டியபடி கிடந்தது. பின்னேரமும் வந்து பார்த்தான், திறக்கவில்லை. தொலைபேசியையும் ஸஜ்ஜாத் எடுக்கவில்லை. விடிந்தால் பிறந்தநாள். வீட்டில் திரைக்கு முன்னால் இருந்து யோசித்தான். பெற்ற பிள்ளைக்கு வாங்குகிற சாமான் ஒருதரமாவது தன்னுடைய பெயரில் இருக்கட்டுமே என்றும் ஒரு எண்ணம் வந்தது. பொக்கெற்றிலிருந்து வங்கிக் காட்டை எடுத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக அடித்தான். பெயர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் போட்டான். திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, பாதுகாப்புக் காரணத்துக்காக இந்த எக்கவுண்ட் பூட்டப்பட்டுள்ளது என்று காட்டிவிட்டு அவனை வெளியே தள்ளியது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஸஜ்ஜாத் கடைக் கதவைத் தூக்கும்போது ஹெக்டர் படியில் நின்றான்.

"அண்ணன், ஒங்கட காட்டயா போட்டீங்க?"

"ஓம்."

ஸஜ்ஜாத் ஸ்குரூட்ரைவரை மேசையில் வைத்தான். "எத்தின தரம் சொன்னனான். அமெரிக்காக்காரன் இலங்கைக் காட்டப் போட்டா களவெடுத்த காட் எண்டுதான் அவன் நினைப்பான்."

"நீங்கள் கடை பூட்டிட்டீங்கள், தம்பி."

"மாமாட மகள்ட நிக்காஹ். போனைப் பார்க்கவே இல்ல." அவனுக்கும் மனம் சுட்டிருக்கவேண்டும். "இரிங்க, கம்பனியோட கதைச்சுப் பாப்பம்."

கம்பனியோடு கதைப்பதென்றால் கணினியில் எழுதிக் கதைப்பது. மறுபக்கத்தில் கிறிஸ்டீன் என்று ஒருத்தி வந்தாள். வணக்கத்துக்கும் மன்னிப்புக்கும் குறைவில்லை. எக்கவுண்டில் உள்ள பெயர் என்ன? டேவிட் ஜோன்சன் என்று ஸஜ்ஜாத் அடித்தான். அது ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அவன் திறந்து கொடுத்தவர்களில் பாதிப் பேர் டேவிட் ஜோன்சன்தான். விலாசம்? அமெரிக்காவில் ஏதோ ஒரு மோட்டல், தேடினபோது முதலில் வந்து நின்றது. எந்த ஊர்? தெரியாது. பிறந்த திகதி?

"என்ர பிறந்த திகதியைப் போடுங்கோ."

"அத நான் அப்ப போடல்ல அண்ணன். வாயில வந்த ஒண்டத்தான் அடிச்ச."

மூன்று திகதி அடித்தார்கள். மூன்றும் பிழை. முதலில் பாவித்த மெஷினின் தொடர் இலக்கத்தைச் சொல்ல முடியுமா என்று கிறிஸ்டீன் கேட்டாள். அந்த மெஷினை உப்பு தின்றது, மிச்சத்தை ஸஜ்ஜாத் கழற்றி விற்று வருடம் ஒன்று. அப்படியானால் அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டை ஏதாவது அனுப்பலாம் என்றாள்.

ஹெக்டர் தேசிய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். துறைமுகப் பாஸை வைத்தான். சாரதி அனுமதிப் பத்திரத்தை வைத்தான். அவன் இளவயதில், சண்டைக் காலத்தில், இந்த ஊரில் சந்திக்குச் சந்தி அட்டை காட்டித்தான் வீடு போய்ச் சேர்ந்தான். இன்றைக்கும் ஒவ்வொரு காலையும் வாயிலில் காட்டித்தான் வேலைக்குள் போகிறான். தான் யார் என்று காட்டுவதில் அவனுக்கு இருக்கிற பழக்கம் வேறெவருக்கும் இருக்காது.

ஸஜ்ஜாத் அட்டைகளைப் பார்த்தான், தொடவில்லை. "அண்ணன், இதுல ஒண்டுலயும் டேவிட் ஜோன்சன் இல்லயே."

"நான்தான் அந்த ஆள் எண்டு எழுதுங்கோ."

எழுதினான். கிறிஸ்டீன் மன்னிப்புக் கேட்டாள். எக்கவுண்டின் உரிமையாளரைப் பாதுகாப்பதற்காக இதற்குமேல் உதவ முடியாது என்றாள். நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள். ஹெக்டர் அட்டைகளை எடுத்துத் திரும்பப் பொக்கெற்றில் வைத்தான். யாரைப் பாதுகாக்கிறாள்? இல்லாத ஒருவனை, இருக்கிற ஒருவனிடமிருந்து.

"புதுசா ஒண்டு திறந்து தாறன்," என்றான் ஸஜ்ஜாத். "மகள்ட பேரத் தேடி, நண்பராக் கேளுங்க. புள்ள ஓம் எண்டு அமத்தினாச் சரி, பழையபடி ஜெட்டிக்கிப் போகலாம். காசி வேணாம்."

பத்தே முக்காலுக்கு ஹெக்டர் மோட்டார் சைக்கிளை வீட்டு மதிலில் சாத்தினான். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் ஒரு இமை வெட்டாமல் நின்று எரிந்தது. ரவுட்டரில் பச்சை. அப்டேற் ஒன்றும் கேட்கவில்லை. குமிழ்கூடச் சொன்ன பக்கத்துக்குப் போனது. மகளின் பெயரைத் தேடினான், வந்தது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பிள்ளை உள்ளே வந்துவிட்டாள். ஐந்து நிமிடம் முந்தியே வந்துவிட்டாள்.

அழைப்பை அனுப்பினான். திரை சுற்றியது.

இது ஒரு சிறுவர் எக்கவுண்ட், உங்கள் அழைப்பு பாதுகாவலரின் அனுமதிக்காக அனுப்பப்பட்டுள்ளது என்றது. அதற்குக் கீழே பாதுகாவலரின் பெயரும் இருந்தது. நேற்றுப் பூட்டுப்பட்ட, அவனுடைய பழைய எக்கவுண்டின் பெயர்.

ஹெக்டர் அதை இரண்டு தரம் வாசித்தான். பிள்ளையின் எக்கவுண்டுக்கு இந்த அனுமதிப் பூட்டைப் போட்டவன் அவனேதான். பிள்ளைக்கு எட்டு வயதில், இதே கதிரையில் இருந்து, தன் எக்கவுண்டின் கீழே அவளுடையதைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்து வாசித்துப் போட்டான். முன்பின் தெரியாத எவனும் பிள்ளையோடு கதைக்கக்கூடாது, கேட்பதென்றால் முதலில் என்னைக் கேட்கட்டும். ஜெனிதாவும் அவனும் சண்டை பிடிக்காமல் ஒத்துப்போன காரியங்களில் அது ஒன்று. பூட்டைத் திறக்கிற நாலு இலக்கமும் அவனுக்கு இப்போதும் மனப்பாடம். ஆனால் அதை அடிக்கிற இடம் பழைய எக்கவுண்டுக்குள் இருந்தது. அழைப்பு வந்திருக்கிறதென்று பிள்ளைக்குக் காட்டக்கூட மாட்டாது.

பிள்ளைக்குச் சேதி அனுப்புவதென்றால், இதே ஊரில் லிங்கநகரில் ஜெனிதாவின் அக்கா றோஸ் இருக்கிறாள். அவளிடம் சொன்னால் அன்று பின்னேரமே மெல்பேர்னுக்குக் கதை போய்விடும்; அதோடு பிள்ளையின் கையிலிருந்து மெஷினும் பறிபோகும். தீவாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று ஹெக்டர் இருந்த இடத்தில் இருந்தான்.

புது எக்கவுண்டுக்குக் கேம் ஒரு புதுத் தீவைக் கொடுத்தது. அதிலும் ஒரு ஜெட்டி இருந்தது. அவன் அதில் போய் நின்றான். பதினொரு மணிக்கு அங்கேதான் நிற்பதாகச் சொல்லியிருந்தான், நின்றான். பன்னிரண்டரை வரைக்கும் மகளின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி எரிந்தது. ஒருநாளும் அவள் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை முக்கால் மணித்தியாலம் இருந்தாள். அதற்கடுத்தது பத்து நிமிடம். பிறகு புள்ளி வரவில்லை.

ஹெக்டர் ஞாயிற்று வேலையைத் திரும்பவும் சனிக்கு மாற்றிக்கொள்ளவில்லை. இப்போதும் பதினொன்றுக்கு மெஷினைப் போடுகிறான், உப்பு தின்றது போக மிச்சமிருக்கிற மெஷினை. அழைப்பு அப்படியே கிடக்கிறது. பாதுகாவலர் இன்னும் பார்க்கவில்லை என்று காட்டுகிறது.