சேதாரம் சேர்த்த கணக்கு

சகலை ஐம்பத்திரண்டு வயதிலேயே வேலையை விடப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எஸ்டிமேட்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. பொதுவாக அவர் அப்படிப்பட்டவர் அல்ல. எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கியபோது முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்கியவர். ஆனால் சகலை விஷயம் வேறு. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரில் ஒருவர் மேலே போனால் மற்றவர் கீழே இறங்கிவிட்டதாகத்தானே மாமனார் வீட்டில் பேசிக்கொள்வார்கள்?

சகலைக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. இவரைவிட ஆறு வயது இளையவர், சம்பளமும் இவரைவிடக் குறைச்சல். இவரோ பெரிய கட்டட கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர். கடைக்காலே தோண்டாத வீட்டுக்குக் கடைசி ஆணிவரை விலை சொல்வார். அப்பேர்ப்பட்டவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறலாமென்று காத்துக்கொண்டிருக்க, ஒரு பல்லுக்காரர் இந்த மாசமே கிளம்புவதாவது!

அந்தப் பல்லுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடித்த தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, முப்பது வருஷத்துச் செலவு கையில சேர்ந்திருக்கு. இந்த ஊர்ல மூச்சு விட்டாலே காசு. முப்பது போதுமா? நீங்க பாத்து போதும்னு சொன்னா நாளைக்கே ராஜினாமா குடுத்துடுவேன்."

எஸ்டிமேட்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தப்புத் தேடினார். எங்கே கிடைத்தது? வாடகை ஏறுவது, மருந்துச் செலவு, விலைவாசி எல்லாவற்றுக்கும் மனுஷன் இடம் விட்டிருந்தார். போதும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இனிமே தினமும் எட்டு மணி வரைக்கும் தூங்கப்போறேண்ணே" என்று சிரித்தார் சகலை.

அதுதான் வினையாகப் போயிற்று. எஸ்டிமேட்காரர் பென்சிலை எடுத்தார்.

தரைக்கு டைல்ஸ் எடுக்கும்போது, வெட்டுவதில் உடைவதில் போகட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போடுவது தொழில் வழக்கம். சேதாரம் என்பார்கள். அந்தச் சேதாரத்தை அவர் அரிசிக்குப் போட்டார். சோப்புக்குப் போட்டார். பஸ் டிக்கெட்டுக்குக்கூடப் போட்டார். மொத்தத்தின் மேல் எதிர்பாராத செலவு என்று ஒன்று. சகலை ஏற்கெனவே சேர்த்திருந்த விலைவாசி உயர்வை, ஒன்றும் தெரியாதவர் மாதிரி இன்னொரு தடவை சேர்த்தார்.

"நாப்பத்தஞ்சு வருஷச் செலவாவது வேணும், தம்பி."

சகலையின் முகம் சுண்டிப்போயிற்று. தாளை மெதுவாக மடித்தார். "நல்லவேளை, உங்ககிட்ட கேட்டேன். இல்லேன்னா நடுத்தெருவுல நின்னிருப்பேன்."

அன்று எஸ்டிமேட்காரர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தபோது, மனைவி வெந்நீர் பக்கெட்டில் கால்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று வீங்கிய கால்கள். இருக்கிற பணம் போதும், இந்த மாசத்தோடு நின்றுவிடு என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி போன் பண்ணினா. ஒரே அழுகை. நாப்பத்தஞ்சு வேணும்னீங்களாமே? நம்மகிட்ட இருபத்தஞ்சுதானே இருக்கு?"

"அது வந்து… அவங்க நம்மளவிட சின்ன வயசு. இன்னும் நிறைய வருஷம் ஓட்டணும்ல."

"எனக்கும் அவளுக்கும் ஒரு வயசுதாங்க வித்தியாசம். நான் சீக்கிரமே போய்ச் சேந்துடுவேன்னு கணக்கு போட்டுட்டீங்களா?"

அவர் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார்.

"பரவால்ல. கடைக்காரர்கிட்ட இன்னும் அஞ்சு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டேன். அவருக்கு சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கணுக்காலைத் தேய்த்தாள்.

"வேணாம். நமக்கு இருக்கிறது போதும்."

"அப்ப அவங்களுக்கு?"

"…அவங்களுக்கும் போதும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

முப்பது வருஷம் கூடவே குடித்தனம் செய்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் ஒரு காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துண்டில் வைத்தாள். ஈரக் கையோடு போனை அவர் பக்கம் தள்ளினாள்.

முதல் மணியிலேயே சகலை எடுத்துவிட்டார். "அண்ணே! நீங்க சொன்னதுக்கப்புறம் ராத்திரி ஷிப்டும் கேட்டு வாங்கிட்டேன்."

"அத விட்டுடுங்க, தம்பி. உங்க கணக்கு சரி. முப்பதே தாராளம்."

"நாப்பத்தஞ்சுன்னீங்களே?"

பக்கெட்டில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறாமையில சொன்னேன்" என்றார் எஸ்டிமேட்காரர்.

பயந்து பயந்து சகலையின் குரல் வந்தது.

"அப்ப… நிஜமாவே எட்டு மணி வரைக்கும் தூங்கலாமாண்ணே?"

"தூங்குங்க" என்றார். சொல்லும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.