குவானின் இல்லாத குடுவை

உடம்பு முழுக்கப் பொடி மயிர், அதைத் துடுப்பாக அடித்து நீந்தும் ஒற்றைச் செல். அந்த உயிருக்குக் குவானின் செய்யத் தெரியாது. டி.என்.ஏ. கட்டத் தேவையான அந்தச் சரக்கை வெளியிலிருந்து ஊட்டினால்தான் பிழைக்கும். ஆனால் தங்கையின் ஆய்வகக் குடுவையில், குவானின் கலக்காத கரைசலில், அது நாட்கணக்கில் சாகாமல் நீந்தியது. தானே செய்யக் கற்ற வகை கிடைத்துவிட்டதென்று பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டை எழுதச் சொல்லிவிட்டார்.

ஆய்வேடு முடிந்தால் தங்கைக்கு வேலை. அவளுக்கு வேலை கிடைத்தால் அக்காவுக்குக் கல்யாணம். அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்தவள் அக்காதான். வெளியூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அவளுக்காகக் காத்திருந்தார். பொறுமைசாலி, ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா?

எழுத உட்கார்ந்த தங்கைக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தாராளமான கை. புதுக் கரைசலுக்கு மாற்றும்போது பழைய குடுவையில் பாதியை அப்படியே ஊற்றிவிடுவாள். உயிரோடு இருப்பவற்றோடு செத்தவையும் சேர்ந்து போயிருக்குமே? யாரும் கேட்காத சோதனையைச் செய்தாள். உயிருள்ளவற்றை நன்றாகக் கழுவி, குவானின் இல்லாத கரைசல் ஊற்றிய குழித்தட்டில் குழிக்கு ஒன்றாகத் தனித்தனியே விட்டாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பேராசிரியர் திட்டவில்லை, உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது என்று மட்டும் கேட்டார். ஆய்வு மறுபடி முதலிலிருந்து. தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ இத்தனை நாள் எப்படி உயிரோட இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"செத்ததுங்க உடம்புல இருந்த குவானினைத் தின்னுதான்க்கா. ஒத்தையா விட்டா செத்துடுது."

அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "சரி, விடு. இன்னும் ரெண்டு வருஷம்தானே. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சொல்ல வேண்டாம். நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போ."

"ஒத்தையா விட்டா செத்துடும்னு இப்பதானே சொன்னே?"

"அதுக்குச் செய்யத் தெரியாதுக்கா. எனக்குச் சோறாக்கத் தெரியும்."

"நீ ஆக்குற சோத்தை அதுகூடத் தின்னாது," என்றாள் அக்கா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தங்கை போனை எடுத்து, மருந்துக்கடைக்காரரின் எண்ணை அழுத்தி, அக்காவின் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.