சூரனின் பாறணை

என் அண்ணை சிவகரன் ஒரு மீனைச் சைவமாக்கப் பார்த்தார். கந்தசஷ்டியின் முதல் மூன்று நாள்களில் இது நடந்தது. அப்போது நான் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் அவருடைய விரதம் முதல் நாளே கலைந்திருக்கும்.

மீன் என்னுடையது. பைற்றர் என்கிற சண்டை மீன், ஆண், கடும் நீலம், செட்டைகளின் ஓரம் மட்டும் சிவப்பு. கண்ணாடிக்கு வெளியே விரலைக் காட்டினால் கன்னங்களை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். விரல் தன்னைவிடப் பெரியது என்பதையெல்லாம் அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் சூரன் என்று பெயர் வைத்தேன். அண்ணை முருகன் கோயில் பரிபாலன சபைச் செயலாளர், அவர் வீட்டில் அந்தப் பெயர் எடுபடவில்லை. வேலன் என்று மாற்றச் சொன்னார் அண்ணை. வேலனுக்குப் புழு ஊட்டுவது உங்களுக்குச் சரியா என்று கேட்டேன். அதோடு பெயர்ப் பேச்சு நின்றது.

நான் கோப்பாயில் அண்ணை வீட்டில் இருப்பதை, "வந்து நிற்கிறாள்" என்றுதான் அயலில் சொல்வார்கள். வந்து பதினொரு மாதம். மானிப்பாயில் இருக்கும் என் கணவர் அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். வேலைக்குப் போகும்போது கேற்றைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு கொண்டுபோவார், அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" என்னுடையது அல்ல, அண்ணையுடையது. இதற்கு முன் இரண்டு தடவை வந்து நின்றேன். இரண்டு தடவையும் பொறுத்துப் போகச் சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, மடியில் ஒரு வாழைக்குலையையும் தந்து திரும்பக் கொண்டுபோய் விட்டார். குலையை மானிப்பாய் வீட்டார் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவையும் யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் ஏறினேன். வாய்க்கு நான் குறைந்தவள் இல்லை. ஆனால் அண்ணையின் முகம் வாடினால் என் வாய் அடைத்துவிடும், கால் தானாக மோட்டார் சைக்கிளில் ஏறிவிடும். எனக்கு மானிப்பாயைவிட அந்த முகத்தில்தான் பயம்.

இந்த முறை கணவரின் பெரியப்பா இராசசிங்கம் அண்ணைக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். வந்து கதைத்துக் கூட்டிப்போகிறோம் என்றாராம். ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணை ஆனதும் வாருங்கள் என்று அண்ணையும் சொல்லிவிட்டார். காஸ் சிலிண்டர் வரப்போகிறது என்பதைப்போல என்னிடம் இதைச் சொன்னார். எனக்கு மருந்தாளர் பரீட்சை கொழும்பில், பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. சண்டையை வந்து பிடிப்போம் என்று அண்ணையின் மனைவி உதயகலா மச்சாளிடம் மீனை ஒப்படைத்துவிட்டுப் போனேன். ஒரு நாளைக்கு ஐந்து காய்ந்த புழு, புழு போட்ட தகர ரின் சமையலறைத் தட்டில் இருக்கிறது, வேறு ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். கேட்டவர் மச்சாள். செய்தவர் அண்ணை.

பிறகு நடந்ததை மச்சாள்தான் சொன்னார். விரதத்துக்காக வீடு முழுக்கக் கழுவி, மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டிகளை வீட்டுக்குப் பின்னால் பத்திக்குக் கடத்தியாகிவிட்டது. அப்போதுதான் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் புழு ரின் அண்ணையின் கண்ணில் பட்டிருக்கிறது. உடனே ஆராய்ச்சி தொடங்கிவிட்டார். சமைக்காத மீன் மச்சம் ஆகாது, அது வெறும் சீவன், ஆகவே வீட்டுக்குள் இருக்கலாம் என்று முதல் தீர்ப்பு. காய்ந்த புழு மச்சமேதான், ஆகவே வெளியே போக வேண்டும் என்று இரண்டாம் தீர்ப்பு. ரின் வாழைத்தோட்டத்துக்குப் போய், ஐப்பசி மழையில் நனைந்து, பூஞ்சணம் பிடித்தது. சூரனுக்குக் கோயிலில் இருந்து வந்த அவல். சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்தது. காலையும் மாலையும்.

அவல் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று கோப்பாயில் தெரியாத ஆள் கிடையாது. மீனின் வயிற்றுக்குள்ளும் அது ஊறும் என்பதுதான் செயலாளருக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் விடிய வந்து இறங்கினேன். தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மஞ்சள்தூள் போட்டிருக்கிறார், கிருமிக்கு நல்லதாம். கண்ணாடியில் மூன்று குறி விபூதி. நெற்றி எது என்று தெரியாததால் அங்கே பூசினாராம். அடியில் சூரன் பக்கவாட்டில் கிடந்தான். வயிறு மாபிள் குண்டு அளவுக்கு உருண்டிருந்தது. விரலைக் காட்டினேன். கன்னம் விரியவில்லை. மூச்செடுக்க மேலே வரப் பார்த்து, பாதியில் திரும்ப விழுந்தான்.

அண்ணை பூசையை முடித்துக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பிரசாதம்தான் பிள்ளை. நல்ல சாமான்."

"அது என்ன தின்னுமெண்டு ஆரையும் கேட்டனீங்களே?"

"உந்த மீனிட்டை என்னெண்டு கேக்கிறது? உது வாயில்லாச் சீவன்."

"எனக்கு வாய் இருக்குத்தானே, அண்ணை."

மீனைப் பற்றித்தான் சொன்னேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அண்ணை என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பிறகு விபூதியை வேட்டித் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.

அரியாலையில் வளர்ப்பு மீன் விற்கும் ஜெறோமுக்கு ஃபோன் எடுத்தேன். சூரனை அவரிடம்தான் வாங்கினேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவல் என்றேன். ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார், நல்ல மனிதர். பிறகு மேலே இருந்து பார்க்கச் சொன்னார். செதில்கள் சிலிர்த்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாதாம். படிந்திருந்தால் இது வெறும் அடைப்புத்தான். பார்த்தேன். படிந்திருந்தன.

வைத்தியம் பெரிய வித்தை இல்லை. முதலில் ஆறவிட்ட நல்ல தண்ணீர், ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக, அவன் சிரமப்படாமல் மேலே வந்து மூச்செடுக்க. மழைக் குளிர் படாமல் பக்கத்தில் ஒரு குண்டு பல்ப். தண்ணீருக்குள் காய்ந்த வாதுமை இலை ஒன்று. பேதி உப்பு என்று நாங்கள் கடையில் விற்கும் எப்சம் உப்பில், நாலு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு தரம் பத்து நிமிடக் குளிப்பு. சாவகச்சேரியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அந்த உப்பைக் கேட்டு வரும் ஆள்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டு நிற்பார்கள். சூரனுக்கு அந்த வெட்கமும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூன்று நாள் சாப்பாடு கிடையாது. வெறும் தண்ணீர்.

அதாவது விரதம். இதைக் கேட்டதும் அண்ணையின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பின்னேரத்தில் ஒரு கோப்பைப் பாலும் இரண்டு கதலிப் பழமும் எடுப்பார். மீனுக்கு அதுவும் இல்லை. அவரைவிடக் கடும் விரதகாரன் வீட்டுக்குள் கிடக்கிறான். அதற்குப் பிறகு அவர் அந்தத் தொட்டியைக் கடந்து போகும்போது கொஞ்சம் மெதுவாக நடந்ததை நான் கவனித்தேன்.

உப்புக் குளிப்புக்கு நேரம் பார்க்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கையில் மணிக்கூட்டோடு குந்தியிருப்பார். எட்டு நிமிடம் ஆனதும் எடுக்கவோ என்பார். பத்து என்றால் பத்து என்பேன். அதற்குமேல் நான் அவரோடு கதைக்கவில்லை. மச்சாள் இரண்டு பேருக்கும் நடுவில் தேத்தண்ணீரும் சமாதானமும் கொண்டு திரிந்தார். நான் தேத்தண்ணீரை மட்டும் எடுத்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சூரன் பிழைத்தால் நானும் இந்த முறை மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். செத்தால் ஏறிவிடுவேன் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. மருந்து விற்கிறவள், பரீட்சை எழுதினவள், ஒரு மீனின் குடலில் என் சீவியத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஐந்தாம் நாளும் வயிறு இறங்கவில்லை. இராசசிங்கம் வருவதற்கு இன்னும் இரண்டு நாள்.

ஆறாம் நாள் சூரன் போர். எங்கள் கோயிலில் சூரன் சிலையைத் தோளில் தூக்கி ஆட்டும்போது முன்கொம்பு என்னும் காவுதடியின் இடப்பக்கம் அண்ணையுடையது. பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. ஒரு வருடம் காய்ச்சலோடு தூக்கினார். அன்றும் மத்தியானம் முழுகி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். எதையோ மறந்துவிட்டுப் போனார் என்று நினைத்தேன். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன, தூக்கேல்லையோ?" மச்சாள்தான் கேட்டார்.

"அங்கை தூக்க நாப்பது பேர் நிக்கினம். இஞ்சை கிடக்கிறது நான் செய்த பிழை. நான்தானே பாக்க வேணும்."

பிறகு என் பக்கம் திரும்பாமல், சுகம் வருகிறது என்றால் எப்படித் தெரியும் என்று கேட்டார். வெளிக்குப் போனால் பிழைத்துவிடுவான் என்று ஜெறோம் சொன்னதைச் சொன்னேன். அண்ணை தலையை ஆட்டினார். தொடைமேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்க்கத் தொடங்கினார்.

நான்கு மணிக்குப் பறையும் மேளமும் ஒலிபெருக்கியில் வந்தன. ஊர் முழுக்கக் கோயில் வீதியில் நின்று சூரன் எப்போது விழுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பரிபாலன சபைச் செயலாளர் சூரன் எப்போது கக்கூசுக்குப் போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனைமுகன் விழுந்தான், சிங்கமுகன் விழுந்தான், எங்கள் ஆளிடம் ஓர் அசைவும் இல்லை. அங்கே சூரன் மாமரம் ஆகிற நேரம் வந்தது. ஒலிபெருக்கியில் அரோகரா எழும்பியது. அண்ணை கை கூப்பவில்லை. தொட்டிக்குக் கிட்டக் குனிந்தார்.

"பிள்ளை," என்றார் மெதுவாக. "போட்டான்."

அகப்பையோடு மச்சாள் ஓடி வந்தார். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். வெளிர் நிறத்தில், அவன் உடம்பில் பாதி நீளத்துக்கு, ஒன்று. அப்படி ஓர் அழகான பொருளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சிரிக்கத் தொடங்கினேன், நடுவில் அது அழுகையாகிவிட்டது. அண்ணையும் கண்ணைத் துடைத்தார். ஆறு நாள் பட்டினி கிடந்த உடம்பு என்று மச்சாள் அதற்குக் காரணம் சொன்னார்.

இருட்டுவதற்குள் வயிறு பாதி இறங்கிவிட்டது. சூரன் நிமிர்ந்து நின்றான். விரலைக் காட்டினேன். இடப்பக்கக் கன்னம் மட்டும் விரிந்தது.

மறுநாள் பாறணை. விரதம் முடிக்கும் மீனுக்கு முதல் சாப்பாடாக உயிருள்ள நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப்புழு, சிறிது கொடுக்கலாம், அது வயிற்றுக்கு இலேசு என்று ஜெறோம் சொல்லியிருந்தார். நான் எழும்பு முன்பே அண்ணை முழுகி, விபூதி பூசி, தோட்டத்துக்குப் போய்விட்டார். மழைத் தண்ணீர் நின்ற சிரட்டைகளைத் தேடித் தேடி ஒரு யோகட் கோப்பை நிறையக் குடம்பியோடு வந்தார். டெங்கு சோதனைக்காரர் கண்டிருந்தால் கோயில் செயலாளர் என்றும் பார்க்காமல் வழக்குப் போட்டிருப்பார்கள். ஆறு நாள் எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்து நடந்த மனிதர், தான் இன்னும் பச்சைத்தண்ணீர் படாத வாயோடு, சிறு கரண்டியில் அந்தச் சீவன்களை அள்ளிக்கொண்டு நின்றார்.

"எத்தினை போட?"

மூன்று என்றேன். அவர் எண்ணி மூன்று போட்டார். சூரன் மூன்றையும் பாய்ந்து பாய்ந்து எடுத்தான். நாலாவது போடட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. மேசையில் கிடந்த அதை எட்டிப் பார்த்தார். இராசசிங்கம். அண்ணை எடுக்கவில்லை. அது அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. மச்சாள் சமையலறையில் கீரை கடைவதை நிறுத்திவிட்டார்.

"வரச் சொல்லவோ, வேண்டாமோ?" அண்ணை என்னிடம் கேட்டார்.

பதினொரு மாதமாக இதற்குப் பதிலை வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல நல்ல வசனங்களாக, குத்துவதற்கு ஆயத்தமாக. அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"நான் போகேல்லை, அண்ணை."

அண்ணையின் முகம் வாடியது. நான் பயந்த அதே வாட்டம்தான். வாய்க்கால் வரம்பு உடைந்து தண்ணீர் போனாலும் அவருக்கு அப்படித்தான் வாடும். ஆனால் இந்த முறை நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் எங்கும் போகவில்லை.

அண்ணை ஃபோனை எடுத்தார். பாறணையைப் பற்றியும் மழையைப் பற்றியும் மரியாதைக்கு ஓரிரண்டு வார்த்தை. பிறகு நேராக நின்றுகொண்டார்.

"தங்கச்சியைக் கேட்டனான். அவ வரமாட்டாவாம்."

மறுபக்கத்தில் குரல் ஏறியது. எனக்கே கேட்டது. இரண்டு தரமும் நீர்தானே கொண்டுவந்து விட்டனீர், இப்போது மட்டும் என்ன புதிதாகக் கேள்வி என்று இராசசிங்கம் கத்தினார்.

"ஓம்," என்றார் அண்ணை. "அந்த ரெண்டு தரமும் நான் கேக்கேல்லை."