நெட்டையின் கையெழுத்து

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் போன திங்கட்கிழமை வரை எனக்கு இல்லை. அன்று மாலை நெட்டை போன் செய்தாள். நெட்டை என் பள்ளித் தோழி. எட்டாம் வகுப்பிலேயே கரும்பலகையின் மேல் விளிம்பை எக்காமல் அழித்தவள். இப்போது கூரியர் ஆபீஸில் வேலை. ஏணி இல்லாமல் மேல்தட்டுப் பார்சலை எடுப்பதால் அங்கே தனக்குத்தான் மதிப்பு என்பாள்.

"ஏய் தூங்குமூஞ்சி, கேள்விப்பட்டியா? நம்ம சயின்ஸ் டீச்சர் திரும்பவும் பெட்டி வைக்கிறாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை, என் தங்கச்சி கிளாஸ்ல."

"எந்தப் பெட்டி?" என்றேன், தெரியாதவள்போல.

"எந்தப் பெட்டியா? என் காலை வாரிவிட்ட பெட்டி. எந்த மகராசியோ எழுதிப் போட்டா, நான் மாட்டினேன். தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன், வெத்துத் தாளைக்கூட அதுல போட்டுடாதடீன்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் கை நடுங்கியது என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். நடுங்கவில்லை. துவைத்த துணிகளை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு இந்த நோட்டை எடுத்தேன்.

இன்று வியாழன். எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம்.

2

முதல் தொடக்கம்: "வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். பனி விழுந்து நான் பார்த்ததே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துத் தள்ளுவதால் வந்த கோளாறு. கதையில் யாருக்காவது மனம் கனத்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதாவது விழவேண்டும் என்று கை தானாகப் போய்விடுகிறது.

இரண்டாவது: "பெண்ணாய்ப் பிறந்த ஒவ்வொருத்தியும் தன் வாழ்வில் ஒரு முறையேனும்" — ஒரு முறையேனும் என்ன? மைக் பிடித்தவர் பேச்சு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு பெட்டி இருக்கிறது. அது மட்டும் கையைவிட்டு நழுவவில்லை.

3

டீச்சர் ஒரு ஷூ பெட்டியை மேசைமேல் வைத்தார். மூடியில் பிளேடால் நீளமாக ஒரு வாய் கீறியிருந்தார். ஒன்பதாம் வகுப்பு, கடைசிப் பீரியட். இனப்பெருக்கப் பாடம் வந்தால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவதுதான் எங்கள் பள்ளியில் வழக்கம். டீச்சர் அனுப்பவில்லை. காலையில்தான் கணக்கு டீச்சர் அவரிடம், "எதுக்குங்க வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார்.

"என்ன சந்தேகம்னாலும் எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம்," என்றார் டீச்சர். "ரெண்டு வாக்கு தர்றேன். எல்லாச் சீட்டையும் படிச்சுப் பதில் சொல்வேன். யார் எழுதினதுன்னு தேட மாட்டேன்."

"பேர் போட்டா எக்ஸ்ட்ரா மார்க் உண்டா டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"உண்டு. உனக்கு மட்டும் கழிச்சுப் போடுவேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. (அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் முதல் பெஞ்ச். பெட்டியின் பழுப்பு மூடியில் நான்கு ஈர விரல்களின் தடம் இருந்தது. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தவை கொஞ்சம். அதில் இது ஒன்று.)

4

எனக்கு அப்போது மூன்று மாதமாக வரவில்லை.

இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது.

வராமல் நின்றால் குழந்தை என்பது எனக்குத் தெரியும். குழந்தை எப்படி உண்டாகும் என்பதுதான் தெரியாது. ஒரு மழை நாளில் பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்வெட்டரை வாங்கி இரண்டு நாள் போட்டிருந்தேன். அந்த ஸ்வெட்டர்தான் காரணம் என்று நம்பினேன். (சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பேன்.) அம்மாவிடம் கேட்டால் ஸ்வெட்டர் விஷயம் வெளியே வந்துவிடும். யாரிடம் கேட்பது?

பெட்டி வந்தது.

"மூன்று மாதமாக வரவில்லை. வீட்டில் தெரியாது. பயமாக இருக்கிறது. என்ன செய்ய?" நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து எழுதினேன். என் கையெழுத்தில் அல்ல.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நெட்டை வாலிபால் ஆடுபவள். சாயங்காலம் ஏழு மணி வரை மைதானத்தில் இருப்பாள். அவளுடைய சயின்ஸ் ரெக்கார்டு நோட்டை நான்தான் எழுதிக் கொடுப்பேன். பதிலுக்கு அவள் என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்து வீடு வரை மிதிப்பாள். என் எழுத்து வலப்பக்கம் சாயும். இரண்டு நோட்டும் ஒரே கை என்று தெரிந்துவிடக் கூடாதே. அதனால் அவளுக்கென்று ஓர் எழுத்தைப் பழகினேன்: நிமிர்ந்தது, உருண்டது, சுழிகளை இறுக்கி மூடுவது. டீச்சர் அந்த நோட்டில் சிவப்பு மையால் "அழகு" என்று எழுதியிருந்தார்.*

அந்தச் சீட்டில் ஒளிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வேறு கையெழுத்து அது ஒன்றுதான்.

* பரீட்சைத் தாளில் நெட்டை தன் கையால் எழுதுவாளே, டீச்சருக்குப் புரியாதா என்றால், புரியவில்லை. பரீட்சை அவசரத்தில் எல்லோர் எழுத்தும் கோழி கிளறியதுதான்.

5

மறுநாள் மதியம். மற்ற ஆசிரியர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் டீச்சர் பெட்டியைக் கவிழ்த்தார். (இனி வருவது என் கற்பனை. டீச்சரை நல்லவராக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனாலேயே என்மேல் எனக்குச் சந்தேகம்.)

சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க அவருக்குத் தெம்பு வந்தது. "வலிக்குதுன்னு சொன்னா வேஷம் போடறேன்கிறாங்க, என்ன பண்ண?" "எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?" "என் குரல் தகர டப்பா மாதிரி ஆயிடுச்சு, திரும்ப வருமா?" ஒரு மிட்டாய்த் தாளும் இருந்தது. அதையும் பிரித்துப் பார்த்தார்.

கடைசியாக என் சீட்டு.

படித்தார். திரும்பப் படித்தார். கண் வாக்கியத்தை விட்டுவிட்டு எழுத்துக்குத் தாவியது. உருண்ட எழுத்து. இறுக்கி மூடிய சுழி. தேட மாட்டேன் என்று சொன்னவர், தேடவும் இல்லை. வருடம் முழுக்கத் திருத்திய கண், அது தானாகக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் எழுந்து போய் அலமாரியிலிருந்து நெட்டையின் ரெக்கார்டு நோட்டை உருவி, சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் பாருங்கள், அங்கேதான்

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அவரைத் திட்டுவதாகிறது. இப்படியே நிற்கட்டும்.)

வகுப்பில் இதைப் படித்தால் அந்தப் பெண் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். படிக்காமல் இருப்பதே அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார். சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

6

இது கற்பனை இல்லை. கடைசிப் பீரியடில் டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றணும், ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். குரல் உடைவது தானாகச் சரியாகும் என்றார். வலிக்குது என்று ஒருத்தி சொன்னால் நம்ப வேண்டும், தாங்க முடியாத வலியென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். பையன்கள்கூட எழுதிக்கொண்டார்கள். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்.

"அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சுது."

அப்படியானால் என் கேள்வி வாய்விட்டுச் சொல்லக்கூட லாயக்கில்லாதது என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே வாக்கியம். முதல் இரண்டு வருஷம் நாள் முன்னே பின்னே போகும், எல்லோருக்கும் நடப்பது. மூன்று மாதம் தாண்டினால் அம்மாவையோ யாரையாவது கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ, பயப்படாதே. இதை நான் பத்தொன்பது வயதில், ஒரு கிளினிக் வராந்தாவில் தொங்கிய நோட்டீஸில் படித்தேன். கூட்டமான இடம். நின்றபடியே அழுதேன்.

நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தானாக வந்தது.

7

ஆனால் அதற்குள் டீச்சர் நெட்டையின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். ஜாடையாக, பக்குவமாக, யார் காதிலும் விழாமல். அம்மா நெட்டையைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அப்பா, "கொஞ்ச நாள் இந்தப் பந்தாட்டமெல்லாம் வேண்டாம்" என்றார். அடுத்த மாதம் வெளியூரில் போட்டி இருந்தது.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அப்போது அவள் சைக்கிளை மிதித்தபடி என்னிடம் சொன்னது: "நான் எழுதலைன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டேன்டி. சீட்டைக் காட்டாமலே உன் கையெழுத்தேதான்கிறாங்க. என் கையெழுத்து எனக்கே தெரியலை பாரு."

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. எட்டு வருடமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

8

முடிவுகள் சில.

அ. நான் ஓர் அநாமதேயக் கடிதம் எழுதி, நாளைக்கு முன் டீச்சருக்குச் சேர்க்கிறேன்: "கையெழுத்தை நம்பாதீர்கள்." மறுபடி அநாமதேயமா? வெட்கக்கேடு.

ஆ. டீச்சரே தப்பை உணர்ந்து, இந்த முறை சீட்டுகளை வேறு யாரையாவது படிக்கச் சொல்கிறார். எனக்கு வேலை மிச்சம். அதனாலேயே நம்ப முடியவில்லை.

இ. ஒன்றும் நடக்கவில்லை. நாளைப் பெட்டியில் விழும் வேறொரு பெண்ணின் சீட்டு டீச்சரின் கைப்பைக்குள் போகிறது. இதுதான் நடக்கக்கூடியது.

(இன்னொன்றும் இருக்கிறது, அது முடிவு அல்ல. அந்த உருண்ட எழுத்தை எடுத்தபோது எனக்குத் தெரியாதா? ஒரு கணம்கூடத் தோன்றவில்லையா, மாட்டினால் அவள் மாட்டுவாள் என்று? எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் அந்தப் பதினான்கு வயதுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "தெரியாது" என்று எழுதினேன், அடித்தேன். "தெரியும்" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இரண்டும் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன.)

9

இதைக் கூரியர் ஆபீஸில், டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் நம்பர் நாற்பத்து மூன்று. பலகையில் முப்பத்தொன்பது. கவுண்டருக்குப் பின்னால் நெட்டை ஒரு பெரியவருக்கு டேப் ஒட்டிக் கொடுக்கிறாள்.

"உள்ள என்ன சார், உடையற சாமானா?"

"ஊறுகாய் பாட்டில்மா."

"அப்ப உடையறதுன்னு முன்னாடியே சொல்லுங்க. இல்லேன்னா போய்ச் சேர்ற இடத்துல நக்கித்தான் சாப்பிடணும்."

என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறாள்: என்ன இந்தப் பக்கம்? நான் நோட்டைத் தூக்கிக் காட்டுகிறேன். பார்சல் என்று நினைத்துத் தலையாட்டுகிறாள்.

நாற்பது.

நெட்டை, நீங்கள் நீங்கள் என்று இதுவரை யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன்னைத்தான். நேரில் சொல்ல மூன்று நாள் முயன்றேன். "சாப்பிட்டியா"வுக்கு மேல் வாய் வரவில்லை. அதனால்தான் கதை.

நாற்பத்தொன்று.

இதை நீ படித்ததும் டீச்சருக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தால், நாளைக் காலை முதல் வண்டியிலேயே போட்டுவிடு. கடைசிப் பீரியடுக்கு முன்னால் பள்ளிக்குப் போய்விடும். என் பெயரை முதல் பக்கத்தில் முழுசாக எழுதியிருக்கிறேன், என் சாய்ந்த எழுத்தில். வேண்டாம், முதலில் உன் அம்மாவும் அப்பாவும் படிக்கட்டும் என்றால் அதுவும் சரி. கிழித்துப் போட்டால், பள்ளிக்கு நானே நேரில் போய்ச் சொல்கிறேன். அதை உன் தலையில் கட்டமாட்டேன். என்னோடு பேசுவதா என்பதை மட்டும் நீதான் சொல்லவேண்டும்.

நாற்பத்திரண்டு. ஒரு அம்மாள் சில்லறை தேடுகிறார். நன்றாகத் தேடட்டும்.

கவரில் அனுப்புநர் பெயரை எழுதிவிட்டேன். பெறுநர் இடம் காலி. அதை உன் கையால் எழுது, அவசரப்படாமல். நிதானமாக எழுதினால் உன் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.